மூன்றாம் படிக்குக் கீழே

ஜூன் 4

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். கோடாரி தூக்கும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதென்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் நின்ற வாகை மரம் இப்போது இல்லை என்று எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதியிருக்கிறார். மரத்துக்கு உரியவள் நான். அது போன செய்தியை அயலார் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். அவர் மேல் தவறில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார். "உங்களுக்கு வருத்தமாக இருக்கும்" என்று ஆறுதல் வேறு. நானும் எல்லாம் தெரிந்தவள் போலப் பதில் எழுதிவிட்டேன். எழுபத்தொரு வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்திருக்கிறாய்.

அப்பா வீட்டைப் பிரித்தபோது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். வாசற்கதவின் நடுவிலிருந்து பின்சுவர் வரை ஒரே நேர்கோடு. கிழக்கு எனக்கு, மேற்கு உனக்கு. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததால் கோடு அழிந்துவிடவில்லை. முழு வீட்டிலும் புழங்குங்கள் என்று உன்னிடமும் உன் மனைவியிடமும் நான்தான் சொன்னேன். அது என் பெருந்தன்மை, உங்கள் உரிமை அல்ல. வாகை நின்றது கோட்டுக்குக் கிழக்கே.

நீ அதை விறகுக்குப் போட்டிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ரயில் பட்டறையில் காலமெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இனி மரம் கடைகிறேன் என்று ஓர் எந்திரத்தை வாங்கி என் பங்கு அறையில் போட்டாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. போன வருடம் நீ கடைந்து அனுப்பிய கிண்ணம் ஒரு மாதத்தில் விளிம்பிலிருந்து அடி வரை விரிந்துவிட்டது. உன் மனம் நோகக் கூடாதென்று அதையும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கண்ணில் அறுவை செய்திருப்பதால் பயணம் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் நேரில் வந்து கேட்டிருப்பேன். மரத்தை ஏன் வெட்டினாய், யாரைக் கேட்டு வெட்டினாய், வெட்டிய கட்டைகள் எங்கே? பதிலை ஒழுங்கான தாளில் எழுது. உப்புத்தாள் சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

உறையைப் பிரிக்கும் முன்பே இவள் சொல்லிவிட்டாள்: "அண்ணி எழுத்து நேரா நிக்குது. கோபமா இருக்காங்க." கோபம் இல்லாத நாளில் உன் எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும் என்பது என் மனைவியின் ஆராய்ச்சி.

மரத்தைப் பாதி வெட்டியது மழைக்காற்று. மீதியை நான் முடித்தேன். அடிமரம் பிளந்து ஓட்டின் மேல் சாய்ந்து நின்றது. அதன் கீழேதான் நாங்கள் தூங்குகிறோம். நீ இங்கே இருந்திருந்தால், "இத இன்னும் வெட்டாம என்னடா வேடிக்கை பார்க்கற?" என்று கேட்டிருப்பாய். அவசரத்தில் உனக்கு எழுதாதது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். டைப்பிஸ்ட் அம்மா முந்திக்கொண்டார்.

கிண்ணம் விரிந்தது என் கைக்குற்றம் இல்லை. ஈரம் காயாத மரம் அது. வெட்டியவுடனே வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். வெளிப்பக்கம் முதலில் சுருங்கும், உள்ளே சுருங்க மாட்டேன் என்று நிற்கும். இரண்டும் மல்லுக்கட்டி நடுவில் வெடிக்கும். "குடும்பம் மாதிரி" என்றாள் இவள்.

வாகையில் அந்தத் தப்பைச் செய்யக் கூடாதென்று கவனமாக இருந்தேன். ஆனாலும் முதல் இரண்டு கட்டைகளை முற்றத்து வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் நடுவிலிருந்து சக்கரத்துக் கம்பிகள் போல விரிசல். ராத்திரி படுக்கையில் கிடந்தபடியே கேட்டோம், முற்றத்தில் யாரோ விரலைச் சொடுக்குவது போல ஒவ்வொன்றாக வெடித்தது. மறுநாள் மீதிக் கட்டைகளையெல்லாம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். நடுப்புள்ளி எந்தப் பாதியிலும் முழுசாகத் தங்கக் கூடாது, அதுதான் வெடிப்புக்கு வேர். பட்டையை உரிக்கவில்லை. வெட்டுமுகங்களில் மெழுகை உருக்கி இரண்டு பூச்சுப் பூசினேன். எல்லாம் செய்தும் அந்த முற்றத்துக் காற்று விடுமா?

அப்போதுதான் தொட்டி ஞாபகம் வந்தது. பின்கட்டில் நிலத்தடித் தொட்டி. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு சும்மா காய்ந்து கிடக்கிறது. வெயில் படாது, காற்று நுழையாது, சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும். இவள் தம்பி வந்து கயிறு கட்டி இறக்கித் தந்தான். "மாமா, இது மரமா மாமியாரா? அசைய மாட்டேங்குது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அவனுடைய மாமியார் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். கட்டைகளுக்கு இடையில் ஈரச் சீவல்களைத் திணித்தேன். மேலே தண்ணீர் தெளித்தேன். இரும்பு மூடியைப் போட்டுப் பூட்டி, விளிம்பைச் சுற்றிக் களிமண் அப்பி, நனைத்த சாக்கை விரித்துவிட்டேன். இனி ஓர் எறும்புகூட உள்ளே போய் மூச்சுவிட முடியாது.

முதல் கிண்ணம் உனக்குத்தான். விரியாத கிண்ணம்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

தாள் நன்றாக இருந்தது. விஷயம் நன்றாக இல்லை.

அப்பா போட்ட கோடு அந்தத் தொட்டியின் குறுக்கே போகிறது என்பதை மறந்துவிட்டாய், அல்லது மறந்தது போல இருக்கிறாய். மூடி இருக்கும் பக்கம் கிழக்கு. இறங்கும் இரும்புப் படிகளும் கிழக்குச் சுவரில்தான் பதிந்திருக்கின்றன. ஆகவே, என் பங்கில் கால் வைக்காமல் உன் பங்குக்கு நீ போகவே முடியாது. ஓட்டைக் காப்பாற்ற மரத்தை வெட்டினாய், சரி, அதை மன்னிக்கிறேன். தொட்டியை எதைக் காப்பாற்ற எடுத்துக்கொண்டாய்?

முதலில் அறை, பிறகு மரம், இப்போது தொட்டி. ஒவ்வொன்றும் சின்ன விஷயம் என்பாய். நான் போன பிறகு என் பங்கு யாருக்கு என்று என் நாத்தனார் வீட்டார் கேட்டால், பங்கு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குக் காட்டவாவது ஏதாவது மிஞ்ச வேண்டாமா? கணவர் போன பிறகு இங்கே இரண்டு அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். எனக்கென்று மண் இருப்பது அங்கே ஓரிடத்தில்தான். நான் அங்கே வந்து வாழப் போவதில்லை. ஆனால் அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். உனக்கு இது புரியாது. நீ எப்போதும் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பவன்.

ஆகையால் தெளிவாக எழுதுகிறேன். என் சம்மதம் இல்லாமல் அந்தத் தொட்டியில் நீ இறங்கக் கூடாது. வேறு யாரையும் இறக்கவும் கூடாது. கட்டைகளை வெளியே எடுத்துவிட்டு மூடியைப் பூட்டி வை.

கிண்ணம் வேண்டாம்.

அக்கா


ஜூலை 20

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதினால் சண்டை வரும், சண்டை போட நேரமில்லை.

தொட்டியைத் திறந்தேன். நீ நேரில் பார்த்திருந்தால் கோட்டை மறந்திருப்பாய். ஒரு கட்டையில்கூட ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. புளித்த பழம் போல ஒரு வாடை முகத்தில் அடித்தது, அது ஒன்றுதான் குறை. வெளிர் மரத்துக்குள் பூஞ்சை ஓடி, பேனாவால் வரைந்தது போலக் கறுப்புக் கோடுகள் போட்டிருக்கிறது. மனுஷன் வரைய முடியாத கோடு. ஒரு பெரிய ஓட்டல்காரர் வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கெல்லாம் கிண்ணம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்.

வேலை இப்படி: ஈரமாக இருக்கும்போதே கிண்ணத்தைத் தடியாக, முரடாகக் கடைந்துவிடுவேன். உடனே மெல்லிசாகக் கடைந்தால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். முரட்டுக் கிண்ணத்தை அதனுடைய சீவலிலேயே புதைத்துத் திரும்பத் தொட்டிக்குள் வைக்கிறேன். மெதுவாக ஈரம் விட்ட பிறகு எடுத்து இரண்டாவது முறை கடைவேன். தினமும் காலையில் இறங்கி ஏறுகிறேன். மூடியையும் உடனுக்குடன் மூடிவிடுகிறேன், காற்றுப் பட்டால் பட்ட பாடெல்லாம் வீண். உன் உத்தரவுப்படி என் பாதியில் மட்டும்தான் நிற்கிறேன். படிகளில் இறங்கும்போது மட்டும் உன் பாதியை மிதிக்கிறேன். வழக்குப் போடு.

ஒரு வேடிக்கை. டார்ச் தீர்ந்துபோய் அன்றைக்கு அரிக்கேன் விளக்கோடு இறங்கினேன். பாதியில் அணைந்துவிட்டது. மேலே வந்து ஏற்றினேன், நன்றாக எரிந்தது. திரும்ப இறங்கினேன், அதே இடத்தில் திரும்ப அணைந்தது. காற்றே வீசாத இடத்தில் விளக்கு எப்படி அணையும்? இப்போது கிடைக்கிற மண்ணெண்ணெய் அப்படி. இவள், "அண்ணி ஊதி இருப்பாங்க" என்கிறாள்.

தொட்டிக்குள் இரண்டு மூன்று தவளைகள் மல்லாந்து கிடந்தன. வாரி வெளியே போட்டேன். உடம்புதான் முன்னைப் போல இல்லை. ஏறி வரும்போது முழங்கால் பஞ்சாகிவிடுகிறது. தலைவலி மத்தியானம் வரை விடுவதில்லை. "மொகம் வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு. ரெண்டு நாள் படு" என்று இவள் பிடுங்குகிறாள். வயசு அக்கா, வேறென்ன. உன் கண் எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூலை 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை முதலில் கோபத்தோடு படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது விளக்கு அணைந்த இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

மண்ணெண்ணெயில் கோளாறு இல்லை. உனக்கு வயதாகிவிட்டதாலும் இல்லை.

உன் அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒரு முறை மரம் ஏற்றிய கப்பல் வந்தது. பச்சைக் கட்டைகளை அடுக்கி மூடிக் கொண்டுவந்திருந்தார்கள். அடித்தளத்து மூடியைத் திறந்து, கயிறு மாட்டுவதற்காக ஒரு தொழிலாளி இறங்கினார். கட்டை மேல் உட்கார்ந்தார். களைப்பாறுகிறார் என்று மேலே நின்றவர்கள் நினைத்தார்கள். "என்ன, அதுக்குள்ள தூக்கமா?" என்று கேலி செய்துகொண்டே இன்னொருவர் எழுப்பப் போனார். அவரும் பக்கத்திலேயே சாய்ந்தார். மூன்றாவதாக ஓடியவரை உன் அத்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அந்த மனிதர் விடுங்கள் என்று உன் அத்தானைக் கையில் கடித்துவிட்டார். அந்தப் பல் தழும்பு கடைசி வரை இருந்தது. நீ பார்த்திருக்கிறாய், நாய் கடித்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பார்.

"மரம் அங்கிருந்த காற்றைத் தின்னுடுச்சு" என்றுதான் அவர் சொன்னார். பச்சை மரமும் ஈரச் சீவலும் மூடிய இடத்தில் கிடந்து புளிக்கும்போது, நாம் மூச்சுவிடத் தேவையான பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துவிடும். மிஞ்சுவது கனமான காற்று. அது மேலே ஏறாது. தண்ணீர் போல அடியில் தேங்கி நிற்கும். உன் தொட்டி காய்ந்து கிடக்கவில்லை. அது நிரம்பி இருக்கிறது. நீ தினமும் காலையில் அதில் மூழ்கி எழுந்து வருகிறாய். ஒரு நாள் எழ மாட்டாய்.

இதனால்தான் நான் முதலிலேயே இறங்காதே என்று எழுதினேன். மூத்தவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது. உடனே அந்த வேலையை நிறுத்து. மூடியைப் பூட்டிச் சாவியைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. எப்படிப் பார்த்தாலும் மூடி என் பங்கைச் சேர்ந்தது.

அக்கா


ஜூலை 29

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கை நடுங்குகிறது. எழுத்து கோணினால் அதற்கு நீதான் காரணம்.

எவ்வளவு அழகாகக் கதை கட்டியிருக்கிறாய்! நானும் பாதி வரை பயந்துகொண்டேதான் படித்தேன். கடைசி வரியில் சாவி வந்து விழுந்தது. அதற்குத்தானா இவ்வளவும்? கப்பல், செத்த ஆட்கள், அத்தான் கைத்தழும்பு, எல்லாம் ஒரு சாவிக்காகவா? முதலில் சட்டம் பேசினாய். அது பலிக்கவில்லை என்றதும் இப்போது சாவைக் காட்டுகிறாய். "இதனால்தான் முதலிலேயே எழுதினேன்" என்கிறாய். பொய். உன் ஜூன் மாதக் கடிதம் என் மேஜையில் இருக்கிறது. அதில் காற்றும் இல்லை, கனமும் இல்லை. கிழக்கும் மேற்கும்தான் இருக்கிறது.

மரம் காற்றைத் தின்னுமாம்! வாகைக்குப் பல் முளைத்துவிட்டதா? நம் வீட்டில் கட்டில் மரம், மேஜை மரம், உத்தரம் மரம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதற்கு நடுவில்தான் பிறந்து வளர்ந்தோம். இதுவரை எந்த நாற்காலியும் என்னைத் தின்னவில்லை.

தலைவலி இருக்கிறது. முழங்கால் இன்றைக்கு மடங்கவே இல்லை. அதனால் நான் இறங்கப் போவதில்லை, சந்தோஷப்படு. ஓட்டல்காரர் திங்கட்கிழமை வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்து இறங்கி, அடியில் இருக்கிறதையெல்லாம் எடுத்துத் தருவான். இளந்தாரி, ஒரே மூச்சில் முடித்துவிடுவான்.

இனி உன் உறையைப் பிரிக்க மாட்டேன். உண்மையிலேயே சொல்ல ஏதாவது இருந்தால் கார்டில் எழுது. முடியாது உன்னால். கார்டில் எழுதுவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உடை மாற்றுவது போல என்று உன் கான்வென்ட் மதர் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே. வாழ்நாளில் ஒரு கார்டு எழுதியிருக்கிறாயா? ஊர் படிக்கத் தகுந்த உண்மையாக இருந்தால் ஊர் படிக்கட்டும். எனக்கு மட்டும் ஒட்டி அனுப்புவதெல்லாம் எனக்கு வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 1
(கார்டு)

தபால்காரர் ஐயாவுக்கு: இதை என் தம்பி கையில் கொடுப்பதற்கு முன் வாசலில் நின்று உரக்கப் படியுங்கள். அவன் தடுத்தாலும் படியுங்கள்.

தம்பி, தொட்டி உன்னுடையது. மூடி, படி, சாவி எல்லாம் உன்னுடையது. வாகையும் அறையும் உன்னுடையது. கோட்டுக்குக் கிழக்கே எனக்கு இனி எதுவும் இல்லை. இதைக் கேட்கிற எல்லோரும் சாட்சி. ஜூன் மாதம் இறங்காதே என்று எழுதியது பங்குக்காகத்தான். நீ சொன்னது சரி. இப்போது எனக்கு அங்கே பங்கு கிடையாது. இப்போதும் சொல்கிறேன், இறங்காதே.

ஞாயிற்றுக்கிழமை யாரும் படியில் கால் வைப்பதற்கு முன், எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கு. அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. யாராவது உள்ளே விழுந்தால், அது யாராக இருந்தாலும், பின்னாலேயே இறங்காதே. மேலே இருந்து இழு.

தந்தியும் கொடுத்திருக்கிறேன். அதை நீ பிரிக்க மாட்டாய் என்றுதான் இது. இடம் முடிந்துவிட்ட

அக்கா


ஆகஸ்ட் 8

அக்கா,

தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. பிரிக்கவில்லை. உளிகள் வைக்கிற இழுப்பறையில் போட்டேன்.

கார்டு சனிக்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரி படித்தார். நான், "குடுங்க, நானே படிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினேன். "நீங்க தடுத்தாலும் படிக்கணும்னு போட்டிருக்கு" என்று கையை எட்டாமல் தூக்கிக்கொண்டார். டைப்பிஸ்ட் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் வீடு முழுவதும் வந்தது. இவள் கையில் கரண்டியோடு நின்றாள். மறுநாள் வேலைக்காக மச்சான் அன்றைக்கே வந்திருந்தான்.

எல்லோருக்கும் முன்னால் என் மானம் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டியும் அறையும் எனக்கு என்று கேட்டபோதுகூட இது இன்னொரு வித்தை என்று தோன்றியது. மச்சான்தான் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "மாமா, பெரியக்கா தொட்டியவே குடுத்துட்டாங்களா? நம்ம வீட்டுல மறந்து வச்சுட்டுப் போன குடைக்கு மூணு லெட்டர் போட்டவங்க மாமா அவங்க. நான் எறங்கல. அதுல என்னமோ இருக்கு." அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. உன் கப்பல் கதையை நான் நம்பவில்லை அக்கா. நீ விட்டுக்கொடுத்ததைப் பார்த்துத்தான் பயந்தேன்.

விளக்கைக் கட்டி இறக்கினோம். முதல் படி, இரண்டாம் படி, நன்றாக எரிந்தது. மூன்றாம் படிக்குக் கீழே போனதும் சுடர் நீலமாகிச் சுருங்கியது. யாரோ இரண்டு விரலால் கிள்ளியது போல அணைந்தது. தூக்கி ஏற்றி மறுபடியும் இறக்கினோம். அதே இடம். மச்சான் சாணித் தாள் ஒன்றைக் கொளுத்திப் போட்டான். எரிந்துகொண்டே விழுந்த தாள், அதே உயரத்துக்கு வந்ததும் கறுத்துப் போய் மெதுவாக இறங்கியது. தண்ணீருக்குள் இறங்குவது போலத்தான் இறங்கியது. நீ எழுதிய மாதிரியே.

கொக்கி போட்டு மேலாக இருந்த கட்டைகள் சிலவற்றை இழுத்தோம். மற்றவை உள்ளேயே கிடக்கின்றன. ஓட்டல்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மூடியை எடுத்துவிட்டு, தெருப் பிள்ளைகள் யாரும் எட்டிப் பார்க்காதபடி பழைய கதவு இரண்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். மேஜை விசிறியை வாய்க்கு நேராக வைத்து ஓடவிடுகிறேன். தினமும் காலையில் விளக்கை இறக்குகிறேன். இன்றைக்கும் மூன்றாம் படிக்குக் கீழே அணைந்தது. காற்றுப் பட்ட கட்டைகள் உள்ளே வெடிக்க ஆரம்பித்துவிட்டன. ராத்திரி படுத்துக்கொண்டு கேட்கிறோம். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்குகிறாள், நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவேனாம்.

இவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று நான் தொட்டிக்குள் இருந்தேன். முழங்கால் மடங்கவில்லை என்று எழுதினேனே, அது அங்கேதான் நடந்தது. ஏறலாம் என்று படியைப் பிடித்தேன். கால் வரவில்லை. சரி, கொஞ்ச நேரம் கட்டை மேல் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். பயமே இல்லை அக்கா. தலைவலிகூட நின்றுவிட்டது. சின்ன வயதில் காய்ச்சல் விட்ட மத்தியானம் தூக்கம் வருமே, அப்படி இதமாக இருந்தது. மேலே இருந்து இவள் கத்தினாள்: "அண்ணி லெட்டர் வந்திருக்கு! எழுத்து நேரா நிக்குது!" மறுபடியும் என்ன குற்றம் கண்டுபிடித்திருக்கிறாய் பார்க்கிறேன் என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் எழுந்தேன். ஒவ்வொரு படியாக உன்னைத் திட்டிக்கொண்டே ஏறினேன். வேறு எதற்காகவும் எழுந்திருக்க மாட்டேன்.

மேலே வந்து, அந்தக் கடிதத்தையே பொய் என்று எழுதினேன்.

இந்த நாலைந்து நாளாக உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் முதலில் சாய்ந்திருப்பான். நடிக்கிறான் என்று நினைத்து, திட்டிக்கொண்டே நான் இறங்கியிருப்பேன். இவள் அடுப்பைக்கூட அணைத்திருக்க மாட்டாள், அப்படியே ஓடி வந்திருப்பாள். அவள் காலரைப் பிடித்து நிறுத்த அங்கே யாரும் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கிழக்கு, மேற்கு, தொட்டி எல்லாம் சேர்ந்து முழுசாக உனக்கு வந்திருக்கும். நீ செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

அதுதான் உனக்கு எந்தக் காலத்திலும் வராதே.

தம்பி